எதிர்ப்பக்கம் பார்த்த படகு

தையல்காரி வந்த வேகத்தில் சிவப்பு ஒட்டுத்தாளைத் துப்பறிவாளரின் மேசைமேல் அறைந்தாள்.

"சார், நாளைக்குக் காலையில என் வீட்டை உடைக்கப் போறாங்க!"

வீடு என்று அவள் சொன்னது ஒரு படகு. தையல் இயந்திரம், கட்டில், அடுப்பு எல்லாம் அதற்குள்தான். மகள் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், கரையோர வரிசையில் விட்டுப்போன படகு நட்டாற்றில் நிற்கிறது! 'கைவிடப்பட்டது' என்று கதவில் ஒட்டியிருந்தது. படகுகள் போகும் பாதையில் ஆளில்லாமல் நங்கூரம் போட்டு நிற்பதை உடைத்து அகற்றலாம் என்பது நகராட்சியின் புது விதி.

"ஆளே இல்லைங்கறாங்க. அப்போ நான் யாரு, ஆவியா? நகராட்சி ஆபீஸ்ல கேட்டா மேல போங்கறான், மேல போனா கீழ போங்கறான். நான் என்ன பந்தா சார்?"

துப்பறிவாளரை எல்லோரும் நிதானம் என்றே கூப்பிடுவார்கள். அவருடைய மைத்துனனுக்கோ கால் தரையில் நிற்காது.

"அத்தான், தாள் ஒட்டுன அந்த நகராட்சி அதிகாரிதான் ஆளு! மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

"நீ இன்னும் அவர் மூஞ்சியப் பார்க்கவே இல்லையே. வா, போகலாம்."

ஆற்றோரம் வரிசையாக நின்ற படகுகள் எல்லாம் நீர் வரும் திசையைப் பார்த்து நின்றன. தையல்காரியின் படகு மட்டும் நடுவில், நீர் போகும் திசையைப் பார்த்து நின்றது. அவளுடைய பழைய இடத்தில், நகராட்சிக்காகப் படகுகளை இழுத்து அகற்றும் இழுவைக்காரரின் புதுப் படகு பளபளத்தது. கரைச் சேற்றில் அவர் இழுத்துப் போட்ட ஓட்டைப் படகுகள், எல்லாம் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன. நிதானம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு போகிறது, இந்த மனுஷன் குப்பையை ரசிக்கிறாரே!

"காத்துல நங்கூரம் இழுபட்டு நகர்ந்திருக்கும்மா," என்றார் கரையில் நின்ற அதிகாரி. "விதின்னா விதிதான்."

"நான் அது கிட்டயே போகல," என்றார் இழுவைக்காரர், யாரும் கேட்காமலே.

"விதிப்படியே செய்யுங்க. இப்பவே இழுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றார் நிதானம்.

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்கள நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

இழுவைக்காரர் உற்சாகமாகக் கிளம்பினார். கைக்கெட்டும் தூரத்திலிருந்த முகப்பைத் தாண்டிச் சுற்றிப் போய், பின்பக்கத்தில் கயிற்றைக் கட்டி, நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு இழுத்து வந்தார்.

"அத்தான், என்னத்த இப்படி ரிவர்ஸ்ல கொண்டு வர்றாரு?"

"அதேதான்," என்றார் நிதானம். "சார், நங்கூரம் முகப்புல இருந்தா படகு நீரை எதிர்த்துத்தான் நிக்கும். எவ்வளவு தூரம் இழுபட்டாலும் அப்படித்தான். இது திரும்பி நின்னுச்சு. யாரோ நங்கூரக் கயிறை அவுத்துப் பின்பக்கம் கட்டி இழுத்துட்டுப் போய், அப்படியே நங்கூரத்தைப் போட்டிருக்காங்க."

"யாரு வேணா செஞ்சிருக்கலாமே?"

"நல்ல படகை முகப்புல கட்டித்தான் இழுப்பாங்க. ஓட்டைப் படகுல முகப்பு மரம் உளுத்துப் போயிருக்கும், கயிறு நிக்காது. அதனால இவரு பின்னாடிதான் கட்டுவாரு. சேத்துல கிடக்கறதப் பாருங்க. அன்னிக்கும் கை பழகுன வேலையச் செஞ்சிருச்சு. அவங்க இடத்துல இப்ப நிக்கறது யாரு படகு?"

இழுவைக்காரர், "படித்துறைக்குப் பக்கத்துல வேற எடமே கிடைக்கல சார்," என்று முணுமுணுத்தார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "சரி, விசாரணை முடியட்டும். அதுவரைக்கும் படகு இங்கயே..."

"விசாரணை முடியற வரைக்கும் உங்க வீட்டுத் திண்ணையில படுத்துக்கவா?" தையல்காரி போட்ட சத்தத்தில் கரையே திரும்பிப் பார்த்தது. அதிகாரி அவளிடமிருந்து சிவப்புத் தாளை வாங்கிக் கிழித்தார்.

புதுப் படகு இடத்தைக் காலி செய்தது. இழுவைக்காரர் தலையைத் தொங்கப் போட்டபடி கயிற்றோடு வந்தார், கால் தானாகப் பின்பக்கம் போனது.

"யோவ், முன்னாடி கட்டுய்யா!" என்று தையல்காரி தன் படகின் மேலிருந்து கத்தினாள். "இதுல ஆள் இருக்கு!"