கிணற்றுக் காவலன் பேசாத பதினோரு நொடி

கோவை காந்திபுரத்தில் கோபிசெட்டிபாளையம் பஸ் கிளம்புவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் மழை பிடித்துக்கொண்டது.

லோகப்பிரியா ஓடி வந்து ஏறினாள். ஒரே ஒரு இடம்தான் மிச்சம். உட்கார்ந்து, குடையை மடக்கி, முன் சீட்டின் கம்பியில் மாட்டினாள். கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது முன்னால் இருந்தவன் திரும்பினான்.

"ஏனுங்க... மழை வெளியதானுங்க பேஞ்சிட்டு இருக்குது?"

அவன் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. குடையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

பதறிப்போய்க் குடையை எடுத்துக் காலடியில் வைத்தாள். சாரி என்று சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள்.

"சாரியும் நனைஞ்சு போச்சாட்ட இருக்குது. சத்தமே வரலைங்க."

அவன் மூக்குக் கண்ணாடியில் இரண்டு மழைத்துளி ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால் அந்தக் கண்கள் சிரித்தன... கேலி செய்யும் கண்கள்தான். ஆனால் வலிக்காமல் கேலி செய்யத் தெரிந்த கண்கள். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லோகப்பிரியா எம்.எஸ்சி. வேதியியல். கோவையில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை; சனிக்கிழமைதோறும் ஊருக்கு, கோபிக்குப் போவாள். போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறும் வரை பொறுத்திருந்து பார்ப்பாள். பொறுத்திருப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை. பேசுவதுதான் கஷ்டம். பேச வேண்டியதையெல்லாம் அவள் எழுதிவிடுவாள். 'கிணற்றடி' என்ற பெயரில், முகம் காட்டாமல், கொரியத் தொடர்களைப் பற்றி எழுதும் ஒரு பக்கம் அவளுக்கு இருந்தது. வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

பஸ் அவிநாசி ரோட்டில் ஏறியதும் பக்கத்து சீட்டு அம்மா செல்போனை எடுத்து, முழுச் சத்தத்தில் தொடர் போட்டார். முதல் குரலிலேயே லோகாவுக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றுக் காவலன்! கொரிய மொழியில் அவள் மூன்று தடவை பார்த்த தொடர். இது தமிழ்க் குரலில், கடைசிப் பகுதி.

நானூறு வருடமாக ஒரு பழைய கிணற்றில் வாழும் காவலன். அவன் யாரையாவது கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்த்தவர் மறுபடி மனிதர்களிடம் போகவே முடியாது. அதுதான் அந்தக் கதையின் விதி. கடைசியில் அவன் விரும்பிய பெண் ஊருக்குப் புறப்படுகிறாள். அவன் கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறான். கூப்பிடவில்லை. கொரிய மொழியில் அது பதினோரு நொடி மௌனம்...

"போகாதே... ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரு..."

செல்போனில் காவலனின் உதடு அசையவில்லை. மனசுக்குள் பேசுவதுபோல அந்தக் குரல் மட்டும் உருகியது.

"இங்க பேசியிருக்கவே கூடாது," என்றாள் லோகா.

வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்! அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். முன் சீட்டுக்காரனும் திரும்பினான்.

"ஏன் அம்மணி? பேசுலீனா அவன் மனசுல என்ன இருக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் அந்த அம்மா.

"அதானுங்களே," என்றான் அவன். "சத்தம் நின்னு போச்சுன்னா எங்க அம்மாவெல்லாம் ரிமோட்டைத் தட்டுவாங்க."

வேறு எதுவாக இருந்தாலும் லோகா தலையைக் குனிந்திருப்பாள். இது அவளுடைய காவலன். விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"அவரு கூப்பிடாம இருக்குறதுதானுங்க கதையே. கூப்பிட்டா அவ போக முடியாதில்லீங்களா? அந்தப் புள்ளையோட ஷூ லேஸ் அவுந்திருக்கும், பாருங்க. மொத நாள் அதே லேஸ் தடுக்கித்தான் அவ இவரோட கிணத்துக்கிட்ட உழுந்தா. இப்பவும் உழுந்துருவாளோன்னு பதறுது அவருக்கு. சொல்ல முடியாது. அவரு அழுவுலீங்க. அவுந்து கெடக்குற லேஸைப் பாக்குறாரு, அவ்வளவுதான். நமக்குத்தான் அழுகை வருது..."

அவளுக்கே மூச்சு வாங்கியது. ஒரு வருடத்துக்கான பேச்சைப் பேசித் தீர்த்தாற்போல் இருந்தது.

அவன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் மெதுவாகத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "என் கிணற்றுக்குள் நிலவு விழுந்தால் அதுகூட உனக்குத்தான்..." என்றான்.

செல்போனில் கேட்ட அதே குரல்.

அந்த அம்மா அசந்துபோனார். முத்தாத்தாள் என்று தன் பெயரைச் சொல்லி, பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்து அவன் மடியில் போட்டார். இத்தனை அழகான குரலை ஒரு பேய்க்குப் போய்க் கொடுத்துப்போட்டியே கண்ணு, என்றார்.

அவன் பெயர் மனோஜ்குமார். ஊர் குன்னத்தூர். ஜவுளிக்கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அந்தக் காவலன். இரண்டாம் பாகத்திலும் நீதானே பேசுகிறாய் என்று முத்தாத்தாள் கேட்டார்.

"இல்லீங்க. வேற ஆளை வெச்சுப்போட்டாங்க. யாரோ ஒருத்தரு அந்தக் குரல் சரியில்லைன்னு எழுதுனாங்க. அது ஊரெல்லாம் சுத்திருச்சு..."

அந்த யாரோ, லோகாதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் 'கிணற்றடி'யில் எழுதியது. கடைசி வரி அவளுக்கு மனப்பாடம். அந்த வரியை எழுதிவிட்டு அன்று எவ்வளவு பெருமைப்பட்டாள்... 'இந்தக் குரலுக்கு மௌனம் என்றால் என்னவென்றே தெரியாது. யாருக்காகவும் பேசாமல் காத்திருந்த குரல் இல்லை இது.'

குன்னத்தூர் வந்ததும் மனோஜ் இறங்கினான். இறங்கும்போது ஒரு கொய்யாவை அவள் பக்கம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்கத்தான் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேறு பஸ்ஸில் போகலாம் என்று நினைத்தாள். கால் அதே பஸ்ஸுக்குப் போனது. அவன் முன்னாலேயே ஏறி, பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தான். மறுபடி குடை சொட்டாமல் இருக்க இதுதான் வழி என்று காரணம் வேறு சொன்னான்.

அதிலிருந்து சனிக்கிழமைக்கு ஒரு கைக்குட்டை. நீலம், கட்டம் போட்டது, ஓரம் கிழிந்தது...

அவன்தான் பேசுவான். வாய் ஓயாது. வாய் அசைவுக்கு வார்த்தை பிடிப்பது சுலபம், மூச்சுக்குத்தான் வார்த்தை கிடையாது என்பான். அந்த நடிகர் கோபப்படும் இடங்களில் குரலை உயர்த்தாமல் மூச்சைக் குறைப்பாராம். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஆறு பகுதி ஆனதாம். சின்ன வேடத்தில் வரும் அந்த மீன்காரப் பெண்ணின் நடிப்பு காவலனைவிட ஒரு படி மேல் என்று அவள் சொன்னாள். அவன் அவிநாசியிலிருந்து நம்பிக்கையோடு சண்டை போட்டான். சேவூர் தாண்டியதும் ஒப்புக்கொண்டான். தான் இவ்வளவு சிரிக்கக்கூடியவள் என்று லோகாவுக்கே அதுவரை தெரியாது. ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்குப் பின்னாலும் ஒரு குரல் கேட்டது. சொல்லிவிடு... இன்றைக்காவது சொல்லிவிடு...

நான்காவது சனிக்கிழமை அவனே அந்தப் பதினோரு நொடிப் பேச்சுக்கு வந்தான்.

அவன் அப்பா மயில்சாமிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நடக்கிறார், சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் வரவில்லை. சந்தை நிலவரம், பக்கத்துத் தோட்டத்துச் சண்டை, பஸ்ஸில் பார்த்தது என்று வீட்டில் மனோஜ் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பானாம். நிறுத்தினால் வீடு அமைதியாகிவிடும். அந்த அமைதி அவனுக்குப் பயம்.

"அந்தக் கெணத்தடி சீன்ல சும்மா உட்டுரு மனோஜுன்னுதான் டைரக்டர் சொன்னாருங்க. நாந்தான் ஒரு வரி வெச்சுக்கலாம்னு அடம் புடிச்சேன். இருட்டு ரூம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, பதினோரு செகண்டு அந்த மொகத்தைப் பாத்துக்கிட்டு நிக்க முடியலைங்க... எங்க அப்பா மூஞ்சியாட்டவே இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் நனைந்துகொண்டு ஓடின. லோகா எழுதியது சரி. காவலன் பேசியிருக்கக் கூடாது. கதை பற்றிய ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் பேசியவனைப் பற்றி எழுத அவளுக்கு என்ன தெரிந்தது? பரிசோதனைக் கூடத்தில் மூடி போட்ட பாட்டிலில் வரும் தண்ணீரைத்தான் அவள் பார்க்கிறாள். அது எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, யார் இறைத்தார்கள்... ஒன்றும் தெரியாது.

அப்போதே சொல்லியிருக்கலாம். குன்னத்தூர் வந்துவிட்டது.

அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் ஈரோடு பஸ்ஸில் போய், மாறி, சுற்றிக்கொண்டு ஊர் போனாள். கிணற்றுக் காவலன் இரண்டாம் பாகம் வெளியானது. பார்த்தாள். புதுக் குரல் பழுதில்லாத குரல். மௌனமான இடங்களில் மௌனமாக இருந்தது. அவள் கேட்டபடியே எல்லாம் இருந்தது. ஆனால் காவலன் ஊரை விட்டுப் போய்விட்டான் போல இருந்தது.

பக்கத்தைத் திறந்து ஒரு மன்னிப்பு எழுதினாள். நன்றாகவே வந்தது. படித்தால் எல்லோரும் பாராட்டுவார்கள். அதனாலேயே அழித்தாள். இதை எழுதக் கூடாது. பேச வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை. மழை இல்லை. அதே பஸ். அவன் இருந்தான். பக்கத்து சீட்டில் நீலக் கைக்குட்டை. நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் காட்டி ஏதோ கேட்க, ஆள் வருவாங்க என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டான். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

உட்கார்ந்தாள். மடியில் இருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கிணற்றடி நாந்தானுங்க," என்றாள். "உங்களுக்கு மௌனம் தெரியாதுன்னு எழுதுனது நாந்தான். உங்க வேலை போனது என்னாலதான். மொத நாளே சொல்லியிருக்கோணும். உங்ககிட்டப் பேசறது புடிச்சுப்போச்சு... சொன்னா அதுவும் போயிருமேன்னு பயந்துட்டேன்."

இப்போது அவன் பேசுவான். ஏதாவது கேலி... கோபமாவது... அவள் காத்திருந்தாள்.

அவன் பேசவில்லை.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கண்டக்டர் விசில் அடித்தார். யாரோ கதவோரம் நின்று கையசைத்தார்கள். லோகா மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு... எட்டு... அவன் கண்ணாடியைக் கழற்றவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து... பதினொன்று...

"தெரியுமுங்க," என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"அவுந்து கெடக்குற லேஸைப் பாக்குறாரு, அவ்வளவுதான், நமக்குத்தான் அழுகை வருதுன்னு மொத நாளே சொன்னீங்க பாருங்க. அதே வரியை உங்க பக்கத்துல நான் நூறு தடவை படிச்சிருக்கேனுங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம்... எதுக்குச் சொல்லலை?"

"மொதல்ல சண்டை போடலாம்னுதான் இருந்தேன். அடுத்த வாரம் போட்டுக்கலாம், அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு தள்ளிப்போட்டுட்டே வந்தேன்." சிரித்தான். "அப்புறம் நீங்களா சொல்ற வரைக்கும் பேசாம இருந்து பாக்கலாம்னு தோணுச்சு. எனக்கு அது வராதுன்னு எழுதியிருந்தீங்களே."

ஆறு வாரம். ஆறு வாரமாக அவன் காத்திருந்திருக்கிறான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் பேசாமல்...

அவளுக்குக் கண் நிறைந்தது. அவன் குரல் தாழ்ந்தது. காவலனின் குரல் இல்லை, அவனுடைய சொந்தக் குரல்.

"நீங்க வராத மொத சனிக்கெழம ஊட்டுக்குப் போயி, அப்பா முன்னாடி உக்காந்தேன். பேச ஒண்ணும் தோணலை. சும்மா இருந்தேன். எவ்வளவு நேரமோ... அப்பா மெதுவா கையத் தூக்கி, என் கை மேல வெச்சாரு. ரெண்டு வருசமா நான் பேசிக்கிட்டே இருந்ததுல, அவரு பதில் சொல்றதுக்கு எடமே உடலைங்க."

இருவருக்கும் நடுவில் கிடந்ததை எடுத்து லோகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டை அவனுடையது என்பதை அப்புறம்தான் கவனித்தாள். நீலம். திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

"இனிமேலும் சனிக்கெழமை எனக்கு எடம் புடிச்சு வைப்பீங்களா?" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"சனிக்கெழம மட்டும் போதுங்களா?"

கேட்டுவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான். அடுத்த வார்த்தை உதடு வரை வந்து நின்றது தெரிந்தது. ஆனாலும் பேசவில்லை. அவள் பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தான்.

லோகப்பிரியா திரும்பி அந்தக் கண்களைப் பார்த்தாள். இன்று கண்ணாடியில் மழைத்துளி இல்லை.

பதினோரு நொடி வரை அவனைக் காக்க வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பத்தாதுங்க," என்றாள். இந்த முறை சத்தம் நன்றாகவே வந்தது.