நாலாவது கை

முதலில் அலறல் கேட்டது. அப்புறம்தான் துடைப்பம் தரையில் விழுந்த சத்தம்.

கூட்ட அறையைப் பெருக்க வந்த அம்மாள் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியாமல், உள்ளே கை காட்டினாள்.

உள்ளே...

ஒரு நீள மேஜை. சுற்றிலும் ஏழு நாற்காலிகள். ஆறு ஒழுங்காக நின்றன.

ஏழாவது கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் குப்புறக் கிடந்தார் தையல்காரர்!

அந்தச் சின்ன ஊரின் மன்றத்துக்கு நாலாம் வார்டு உறுப்பினர். வயது ஐம்பத்தெட்டு. கழுத்தில் எந்நேரமும் தொங்கும் அளவு டேப் இப்போதும் தொங்கியது.

பின்மண்டைதான் பார்க்கிற மாதிரி இல்லை.

எட்டேகால் மணிக்கு ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினாள். நாற்பது வயது. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் முகம். பின்னாலேயே ஏட்டு. ஆறடி இரண்டு அங்குலம். ஸ்டேஷனில் அவருக்குப் பெயரே 'நெட்டை'தான்.

"எதால அடிச்சிருக்காங்க?"

நெட்டை குனிந்தார். அது முடிய கொஞ்ச நேரம் ஆனது.

"கனமான இரும்பு மேடம். ரெண்டு அடி. காயத்தோட ஓரத்தைப் பாருங்க... சதுரமா பதிஞ்சிருக்கு. சுத்தியல் இல்ல. கடப்பாரையும் இல்ல."

"எப்ப?"

"உடம்புல இன்னும் சூடு இருக்கு. ஆறுலேருந்து ஏழுக்குள்ள."

"அந்த நேரத்துல இவருக்கு இங்க என்ன வேலை?"

நெட்டை மேஜையைக் காட்டினார். மூடி திறந்த பேனா. பாதி எழுதிய காகிதம். இன்ஸ்பெக்டர் வாசித்தாள்.

'உறுப்பினர்களே... ஒரு வருடம் முன்பு நாம் செய்யத் தவறியதை இன்று செய்வோம்...'

அதற்கு மேல் எழுத்து இல்லை. ரத்தம் இருந்தது.

வராந்தா அறிவிப்புப் பலகையில் அன்றைய கூட்டத்தின் தாள் குத்தியிருந்தது. காலை பதினொரு மணி. பொருள் ஒன்று: பழைய கல்குழியைச் சுற்றி வேலி அமைப்பது. முன்மொழிபவர்: நாலாம் வார்டு உறுப்பினர்.

"வேலிக்காகவா ஒரு கொலை?"

"எங்க ஊர்ல ஆமாம்மா..."

பின்னாலிருந்து ஒரு குரல். வெள்ளைப் புடவை. சிவந்த கண்கள். ரிட்டயரான நர்ஸ். இரண்டாம் வார்டு உறுப்பினர். ஊருக்கே நர்ஸம்மா.

"சொல்லுங்கம்மா. ஆரம்பத்துலேருந்து."

"ஊருக்கு மேக்கால கல்லு வெட்டி விட்டுட்டுப் போன குழி ஒண்ணு இருக்கு. முப்பதடி ஆழம். தண்ணி நிரம்பி நிக்குது. போன வருஷம் வேலி போடணும்னு மன்றத்துல வந்துச்சு. நாலுக்கு மூணுல தோத்துப்போச்சு. சரியா ரெண்டு மாசம்... ஒரு குழந்தை உள்ள விழுந்துடுச்சு."

"எத்தனை வயசு?"

"ஒம்பது. நம்ம தண்ணிக்காரரோட பொண்ணு. ஊருக்குக் குழாய்த் தண்ணி திறந்து விடுறாரே, அவரு. ஒரே பொண்ணு. நான்தான் தண்ணியிலேருந்து எடுத்ததும் நாடி பாத்தேன்... பாக்க ஒண்ணுமில்ல."

நர்ஸம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இன்னிக்கு மறுபடி ஓட்டெடுப்பு. தையல்காரரு வீடு வீடா அலைஞ்சாரும்மா. நானு, அவரு, அஞ்சாம் வார்டு, போன தடவை எதிர்த்த ஆறாம் வார்டு. மொத்தம் நாலு கை. ஜெயிச்சிருப்போம்!"

"இப்ப?"

"மூணுக்கு மூணு. சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. வேலி போடவே விடமாட்டாரு அவரு. அவரோட லாரிங்க அந்தக் குழியிலதான் தண்ணி எடுக்குது. வேலி போட்டா வழி அடைஞ்சிடும்."

இன்ஸ்பெக்டர் நெட்டையைப் பார்த்தாள். நெட்டை தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"தலைவரைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அவரே வந்துகொண்டிருந்தார்.

மன்றத் தலைவர். சிமெண்ட் வியாபாரி. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கலையாத முகம்.

"என்ன கொடுமை மேடம் இது! தம்பி மாதிரி இருந்தான். நான் காலைல அஞ்சரையிலேருந்து எட்டு மணி வரைக்கும் பக்கத்து ஊர்ல மச்சான் வீட்டுல இருந்தேன். மாடிக்கு கான்கிரீட் போட்டாங்க. முப்பது பேர் பாத்தாங்க. பேர் எழுதித் தரட்டுமா?"

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

தலைவர் ஒரு நொடி தடுமாறினார். ஒரே நொடி.

"எப்படியும் கேப்பீங்கன்னு..."

"கூட்டத்தைத் தள்ளி வைக்கிறீங்கதானே?"

"அது எப்படிங்க? நோட்டீஸ் குடுத்தாச்சு. விதின்னு ஒண்ணு இருக்கே. உள்ள வேணாம்... வராந்தாவுல நாற்காலி போட்டுக்கிறோம்."

நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நெட்டை வெளியே போய் நாலு போன் பேசிவிட்டு வந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நிஜம்தான் மேடம். மேஸ்திரி, கலவை மிஷின்காரர், மச்சான், மச்சான் பொண்டாட்டி... அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. ஆள் நகரவே இல்லையாம்."

இருந்த ஒரே சந்தேகமும் கான்கிரீட்டுக்குள் புதைந்தது!

அப்போதுதான் வாசல் பக்கம் அந்தக் கூச்சல்.

பத்துப் பதினைந்து பெண்கள். இடுப்பில் காலிக் குடங்கள். உள்ளே பிணம் கிடக்கும் செய்தி அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

"மணி ஒம்பதாச்சு! ஒரு சொட்டுத் தண்ணி வரல!"

"பிள்ளைங்களைக் குளிப்பாட்டாமலே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்!"

இன்ஸ்பெக்டர் படியிறங்கினாள்.

"தினமும் எத்தனை மணிக்குத் தண்ணி வரும்?"

"ஆறரைக்கு! மழையோ வெயிலோ, அந்த மனுஷன் ஒரு நாள் தப்பினதில்ல. பொண்ணு செத்த மறுநாள்கூட வந்து திறந்து விட்டாரும்மா!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

அலுவலகத்தின் பக்கவாட்டில், மேல்நிலைத் தொட்டியின் நிழலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தண்ணிக்காரர். வயது நாற்பத்திரண்டு. பார்த்தால் அறுபது சொல்லலாம்.

அவள் அவர் எதிரில் போய் நின்றாள்.

"இன்னிக்குத் தண்ணி விட்டீங்களா?"

"விட்டேம்மா. ஆறரைக்கு."

"வாசல்ல பதினஞ்சு காலிக் குடம் நிக்குதே?"

"அது... மோட்டார்ல கோளாறு."

"இப்பதான் விட்டேன்னு சொன்னீங்க!"

அவர் உள்ளங்கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"எதால வால்வைத் திறப்பீங்க?"

"சாவி இருக்கும்மா. இடுப்பு உயரக் கம்பி. நுனியில..."

நிறுத்தினார்.

"நுனியில என்ன?"

"சதுரமா... இருக்கும்."

நெட்டை அதற்குள் வால்வுத் தொட்டியின் மூடியைப் புரட்டிக் கையை விட்டிருந்தார். நெட்டையாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம். தோள்பட்டை வரை உள்ளே போன கை இரும்போடு வெளியே வந்தது.

சதுர முனையில் சேறு. சேற்றுக்கு அடியில்... நாலைந்து நரைமுடிகள்!

தண்ணிக்காரர் தாமாகவே எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அதைக் கழுவிட்டுத் திறக்க மனசு வரலம்மா. ஊரு குடிக்கிற தண்ணியைத் திறக்குற சாவி. அந்தக் கையோட எப்படித் திறக்கிறது?"

செயலரின் அறை. மின்விசிறி கடகடத்தது. தண்ணிக்காரர் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார். நர்ஸம்மா சுவரோரம் நின்றாள். மன்றத்தின் கடிதம், கணக்கு, தீர்மானம் எல்லாவற்றையும் எழுதும் செயலர், தன் மேஜைக்குப் பின்னால் முடிந்தவரை சின்ன ஆளாக உட்கார்ந்திருந்தார்.

"ஏன் செஞ்சீங்க?"

தண்ணிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்தது.

"நீங்களே படிச்சுப் பாருங்கம்மா. எனக்கு மனப்பாடம்."

அலுவலக முத்திரையோடு, போன வருடத் தீர்மானத்தின் நகல். இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தாள்.

"வேலி தேவையில்லை என நாலாம் வார்டு உறுப்பினர் எதிர்த்துப் பேசியதாவது... பெற்றவர்கள்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பிள்ளைகளை மேய்ப்பது மன்றத்தின் வேலையல்ல."



"மேய்ப்பதுன்னு போட்டிருக்கும்மா..." தண்ணிக்காரர் அந்தக் காகிதத்தைக் காட்டினார். "அன்னிக்கு நான் ஊருக்குத் தண்ணி திறந்து விட்டுட்டிருந்தேன். அவ அம்மாவுக்கு நடக்க முடியாது. புள்ளை தனியா விளையாடப் போச்சு. மாடு மாதிரி மேய்க்கணும்னா... யாரு மேய்ப்பா?"

"இன்னிக்குக் காலைல என்ன நடந்துச்சு?"

"கதவைத் திறந்து விட்டேன். உள்ள போய் எழுத உக்காந்தாரு. என்னைப் பாத்துச் சிரிச்சு, 'வாய்யா, இன்னிக்கு உன் பொண்ணு பேரைச் சொல்லித்தான் பேசப்போறேன்'னாரு. அவ பேரைச் சொன்னாரும்மா. அந்த வாயால! அதுக்கப்புறம் எனக்கு..."

"பொய்!"

கத்தியது நர்ஸம்மா. காகிதத்தை இன்ஸ்பெக்டர் கையிலிருந்து பறித்தாள்.

"பொய்! பச்சைப் பொய்! நான் அந்தக் கூட்டத்துல இருந்தேன். தையல்காரரு வேலி வேணும்னு அரை மணி நேரம் நின்னுக்கிட்டே பேசினாரு. தொண்டை கட்டிப்போச்சு மனுஷனுக்கு! தோத்ததும் வெளிய வந்து படியில உக்காந்து அழுதாரு!"

தண்ணிக்காரர் நிமிர்ந்தார்.

"என்ன சொல்றீங்க?"

"உன் பொண்ணைப் புதைக்கிறப்ப போட்டுவிட்டமே ஒரு புது கவுன்... அதை ராத்திரியெல்லாம் உக்காந்து தைச்சுக் குடுத்ததே அவருதாய்யா! உங்கிட்டச் சொல்ல வேணாம்னுட்டாரு!"

இன்ஸ்பெக்டரின் பார்வை செயலர் மேல் விழுந்தது.

"தீர்மானப் புத்தகத்தை எடுங்க."

"அது... பீரோவுல... சாவி..."

"நெட்டை! பீரோவை உடைங்க."

"சாவி இருக்கு மேடம்! இருக்கு!"

தடிமனான புத்தகம். இன்ஸ்பெக்டர் புரட்டினாள். பழுப்பு... பழுப்பு... பழுப்பு... வெள்ளை!

அந்த ஒரு பக்கம் மட்டும் புத்தம் புதிது. அடியில் விரலை வைத்தாள். ஒட்டியது.

"ஒரு வருஷத்துக்கு முந்தின பக்கம். பசை இன்னும் முழுசா காயல!"

செயலர் மேஜையில் தலையைக் கவிழ்த்துவிட்டார்.

"நேத்து மதியம்தான் மேடம்... பழைய பக்கத்தைக் கிழிச்சிட்டு... தலைவரு பக்கத்துலயே உக்காந்து சொல்லச் சொல்ல எழுதினேன். வேலையிலேருந்து தூக்கிடுவேன்னாரு. பத்தோட பதினொண்ணா ஏதோ திருத்தம்னு நினைச்சேன்... சத்தியமா இப்படி ஆகும்னு..."

"அந்த மேய்க்கிற பேச்சு யாரோடது?"

"தலைவரோடது. அன்னிக்கு அவர் பேசினதை அப்படியே தையல்காரரு பேர்ல..."

இன்ஸ்பெக்டர் தரையில் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பினாள். இந்தக் கேள்வியை இப்போது கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"இந்தக் காகிதத்தை உங்ககிட்ட யார் குடுத்தது?"

"தலைவரு... நேத்து சாயங்காலம். வீடு தேடி வந்தாரு. 'நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், அந்த ஆளுதான் கேக்கல. இப்ப நல்ல பேர் வாங்க வேலி வேலின்னு நடிக்கிறான்'னாரு. காலைல ஆறு மணிக்கு அவரு தனியா எழுத வருவாரு, கதவைத் திறந்து விடுன்னாரு. போறப்ப திரும்பிப் பாத்து, 'நீயெல்லாம் ஒரு தகப்பனா இருந்தா'ன்னு ஆரம்பிச்சாரு."

"அப்புறம்?"

"முடிக்கலம்மா. போயிட்டாரு."

முடித்து வைத்தது இவர் கை!

தண்ணிக்காரர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... என் புள்ளைக்காக அழுதவரையா நான்...?"

நர்ஸம்மா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது.

மணி பதினொன்று.

வராந்தாவில் தலைவரின் குரல் கணீரென்று கேட்டது.

"ஒரு நிமிஷம் மௌனம் முடிஞ்சுது. உக்காருங்க. நர்ஸம்மா வரலியா? பரவாயில்ல, அஞ்சு பேர் போதும். பொருள் ஒண்ணு. வேலிக்கு ஆதரவா யாரு?"

ஐந்தாம் வார்டு. ஆறாம் வார்டு. இரண்டு கைகள்.

"எதிர்க்கிறவங்க?"

ஒன்றாம் வார்டு தூக்கினார். மூன்றாம் வார்டு தூக்கினார். தலைவர் தன் வலது கையை உயரத் தூக்கினார்.

"ரெண்டுக்கு மூணு. தீர்மானம் தள்ளு..."

"இருங்க!"

நர்ஸம்மா. கையில் தீர்மானப் புத்தகம். அதை மேஜை மேல் போட்டாள். ஒட்டின பக்கத்தைத் திறந்து காட்டினாள். மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னாள். யார் பேசியதை யார் பேரில் எழுதினார்கள், அதை யார் கையில் கொடுத்தார்கள், அந்தக் கை என்ன செய்தது... எல்லாவற்றையும்.

ஒன்றாம் வார்டு தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் வார்டின் கை மெல்ல இறங்கியது. அந்த ஆள் ஜீப்பைப் பார்த்தார். உள்ளே, விலங்கோடு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார் தண்ணிக்காரர்.

"இன்னொரு தடவை ஓட்டெடுங்க," என்றார் மூன்றாம் வார்டு. "வேலிக்கு ஆதரவா."

ஐந்து. ஆறு. நர்ஸம்மா.

அப்புறம் மூன்றாம் வார்டின் கை. நாலாவது!

தலைவரின் வலது கை மட்டும் இறங்க மறந்து இன்னும் மேலேயே நின்றது. முகம் வெளுத்திருந்தது.

"நான் யாரையும் தொடக்கூட இல்ல! முப்பது பேர் சாட்சி! என்னை எதுவும் செய்ய முடியாது!"

"போலி ஆவணம் எழுத வெச்சது, கொலைக்குத் தூண்டினது... முதல்ல இந்த ரெண்டு போதும். உங்க முப்பது பேரும் வந்து கான்கிரீட்டைப் பத்திச் சொல்லட்டும். கோர்ட்ல கேட்டுக்குவாங்க."

இன்ஸ்பெக்டர் நெட்டையிடம் கையை நீட்டினாள். விலங்கு கிணுகிணுத்தது.

"தூக்கின கையை இறக்காதீங்க தலைவரே! அப்படியே இன்னொரு கையையும் தூக்கிடுங்க... இது ஒத்தைக் கைக்கு வர்றதில்ல!"