தட்டினால் வரலாம்

லாரியின் பின்பலகையில் ஒரு கை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் காத்தவராயன் அதைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவியிருந்தான். ஈரத்தில் மறைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பார்த்தபோது, காய்ந்த பலகையில், நெஞ்சு உயரத்தில், ஐந்து விரலும் விரிந்து வெள்ளையாகத் திரும்ப இருந்தது.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் கை அச்சு ஒன்றும் அதிசயம் இல்லை. களிமண் குழம்பில் வேலை செய்கிறவர்கள் தொட்ட இடமெல்லாம் கை இருக்கும், தண்ணீர்க் குடத்தில் இருக்கும், சைக்கிள் சீட்டில் இருக்கும், வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பெண்டாட்டியின் புடவையிலும் இருக்கும். ஈரமாக இருக்கும்வரை கண்ணுக்குப் படாது, காய்ந்தால்தான் வெளுக்கும். ஆனால் இது தொட்டுவிட்டுப் போன கை மாதிரி இல்லை. அழுத்தியிருந்தது.

துண்டால் துடைத்தான். வெயிலில் பலகை கொதித்திருக்க வேண்டும். அவன் விரலுக்குத் தெரியவில்லை.

பதினான்கு வருடம் பேட்டையின் கிழக்குக் கோடியில் இன்னொரு கம்பெனியின் சூளையில் சூட்டுத்தட்டு தூக்கிய விரல்கள் அவை. சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. போன வருடத்திலிருந்து கால் பெருவிரலும் மரத்துப்போனது. நெஞ்சுக்குள் தூசி இறங்கியிருக்கிறது, இனிமேல் சூளைப் பக்கம் போனால் ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொன்னார். பெண்டாட்டி மாரியம்மாள் அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. லாரி கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தான். முதலாளி ராஜமாணிக்கத்தின் லாரிக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான்.

"திங்கக்கெழம எட்டு மணிக்கு என் கண்ணு முன்னாடி மேடைக்கு ரிவர்ஸ் எடு" என்றார் அவர். "எடுத்துட்டா அப்படியே லோடு ஏத்திக்கிட்டு ஓசூருக்குக் கெளம்பு. எடுக்கலன்னா சூளைக்கே போயிடு."

முன்னால் ஓட்டுவது அவனுக்குக் கஷ்டமில்லை. பின்னால் போவதுதான் வரவில்லை. இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர், நடுவில் லாரி மட்டும் நுழைகிற, கேபின் வெளியே நிற்கிற அளவுக்குக் குட்டையான சந்து, சந்தின் முடிவில் லோடு ஏற்றும் மேடை. கண்ணாடியில் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கொட்டகையில் களிமண் அரைக்கிற மில் ஓடினால் கத்தினாலும் கேட்காது. அதனால் ஒரு ஆள் பின்பலகையைத் தட்டிக்கொண்டே பின்னால் நடப்பான். ஓரமாக ஒதுங்க இடமில்லை. கடைசியில் மேடைமேல் எகிறிக் குதித்து ஏறிக்கொள்வான்.

மாரியம்மாளின் தம்பி கொளஞ்சிநாதன் இங்கேதான் பேக்கிங்கில் இருக்கிறான். அவன்தான் தட்ட வந்திருந்தான்.

"மாமா, நான் தட்டிக்கிட்டே இருந்தா வாங்க. தட்டு நின்னா நீங்களும் நின்னுடுங்க. அவ்ளோதான் வித்தை. இனிமே உங்களுக்குப் பின்னாடி கண்ணு நான்தான்."

"உனக்கே ஒன்னரைக் கண்ணுன்னு உங்க அக்கா சொல்லுவாளே."

"அது சொல்லும். நாளைக்கு ஓசூர்லேர்ந்து புடவை வாங்கியாந்து குடுங்க, அப்புறம் எனக்கு நாலு கண்ணுன்னு சொல்லும்."

மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமை. உடைந்த பீங்கான் சில்லுகள் சக்கரத்துக்கு அடியில் நொறுங்குகிற சத்தமும், டீசல் வாடையோடு கலந்த ஈரக் களிமண் வாடையும், பலகையில் கொளஞ்சியின் இரண்டு இரண்டான தட்டும் மட்டும்தான் அந்தச் சந்தில் இருந்தன. டொக் டொக். டொக் டொக். மூன்று தடவை எடுத்தான். மூன்று தடவையும் சுவரில் உரசினான். கிளச்சை மிதித்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"டீ வாங்கியாரேன், ஒக்காருங்க. நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க" என்று கொளஞ்சி சைக்கிளை எடுத்தான்.

சில்லு கூட்டுகிற பாஞ்சாலை துடைப்பத்தோடு வந்து நின்றாள். "நீங்கதான் புது டிரைவரா? நல்லமுத்துவும் நல்லாத்தான் ஓட்டுனாரு."

இந்தச் சந்தில் ஒரு ஆள் செத்தது காத்தவராயனுக்குத் தெரியும். பேட்டைக்கே தெரியும். எப்படி என்று அவன் கேட்டுக்கொண்டதில்லை.

"தனக்கோடி தட்டிக்கிட்டு வந்தான். மேடைக்கும் வண்டிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான். மில்லு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவன் கத்துனது ஒருத்தருக்கும் கேக்கல. சாவுறவன் என்ன பண்ணுவான்? ரெண்டு கையாலயும் பலகையப் போட்டுத் தட்டு தட்டுன்னு தட்டியிருக்கான். டிரைவருக்கு அது மட்டும் கேட்டுச்சு. தட்டுறானே, வரலாம்னு வந்துகிட்டே இருந்தாரு."

அவள் சில்லுகளைக் கூடையில் அள்ளினாள்.

"இப்ப ஸ்ரீமுஷ்ணத்துல கெடக்குறாரு நல்லமுத்து. வூட்டுக் கதவ யாராச்சும் தட்டினாக்கூட எழுந்திருக்கறதில்லையாம். சரி, நான் போயிட்டு வரேன்."

அவள் போய்விட்டாள். பயம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. வெயில் சுவரின் மேல்பாதிக்கு ஏறிவிட்டது, சந்தில் நிழல் நிரம்பிக்கொண்டிருந்தது. நாளைக்கு எட்டு மணி. ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

டொக் டொக்.

மச்சான் வந்துவிட்டான் போல. நிம்மதியாக இருந்தது. டொக் டொக். டொக் டொக். வண்டி சுவரைத் தொடாமல், தண்டவாளத்தில் போகிற மாதிரி நேராகப் பின்னால் போனது. இவ்வளவு சுத்தமாக அவன் எடுத்ததே இல்லை. மேடை நெருங்கியது. தட்டு மாறியது. இரண்டு இரண்டாக இல்லை. தாறுமாறாக. வேகமாக. உள்ளங்கையால். முஷ்டியால்.

பிரேக்கை மிதித்தான். இன்ஜினை நிறுத்தினான்.

தட்டு நிற்கவில்லை.

வண்டியைச் சந்துக்கு வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, இறங்கிப் பின்னால் போனபோது ஒரு ஆளும் இல்லை. பலகை முழுக்க ஈரம் திட்டுத்திட்டாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே நிற்க, ஒவ்வொன்றாகக் காய்ந்து வெளுத்தது. ஒரு கை. நாலு கை. பத்து. கீழே இருந்தவை நீளமாக, வழுக்கி இறங்கியிருந்தன.

"என்ன மாமா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" சந்து முனையில் கொளஞ்சி டீப் பையோடு நின்றிருந்தான்.

"வெயிலு."

"யாரு இத்தன கைய வச்சது?"

சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு இவன் தட்ட வரமாட்டான். முதலாளி காதுக்குப் போகும். சூளை.

"லோடு ஏத்துறவங்களா இருக்கும்" என்றான். டீயை வாங்கிக் குடித்தான். நாக்கு சுட்டதா என்று தெரியவில்லை.

அப்புறம் இன்னொரு தடவை எடுத்தார்கள். டொக் டொக், டொக் டொக். பிறகு வேகத் தட்டு. நிற்காமல் வந்தான். டங்கென்று வண்டி மேடையில் முட்டியது. மேடைமேல் நின்று கொளஞ்சி கத்தினான்.

"நான் நிறுத்தி எவ்ளோ நேரமாவுது! காது அடச்சிப்போச்சா? நான் எகிறலன்னா என்னா ஆயிருக்கும்?"

"தப்புதான் மச்சான்."

காத்தவராயனுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. நிதானமாகத் தட்டினால் மச்சான். வேகமாகத் தட்டினால் அது மச்சான் இல்லை, மச்சான் நிறுத்திவிட்டான் என்று அர்த்தம், நின்றுவிட வேண்டும். வீட்டுக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கினான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் தரை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, வெள்ளைத் தூசி வெயிலில் தொங்கியது. மேடைமேல் ஓசூருக்குப் போகிற பெட்டிகளை விடியற்காலையிலேயே விளிம்பு வரை அடுக்கி வைத்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. காத்தவராயன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

முதலாளி சந்து முனையில் வண்டிக்கு முன்னால் நின்றார். கொளஞ்சி சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "வாங்க மாமா, ஓசூர் டிரைவரு" என்று சிரித்துக்கொண்டே பின்னால் போனான்.

டொக் டொக். டொக் டொக். சுவர் உரசவில்லை. டொக் டொக். முதலாளி தலையாட்டினார்.

தட்டு மாறியது.

வேகமாக. தாறுமாறாக. நேற்று மாதிரியே. அதுதான். அது மச்சான் இல்லை. அதற்குள்ளே எங்காவது இரண்டு இரண்டான தட்டு இருக்கிறதா என்று காதைத் தீட்டினான். இல்லை. பிரேக்கில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இருந்தது. வண்டி நின்றது.

முதலாளி கதவருகே வந்து கத்தினார். "ஏன்யா நிறுத்திட்டே? தட்டுறான், எனக்கே கேக்குது, ஒனக்குக் கேக்கலயா? வா!"

அவருக்கே கேட்கிறது.

அப்படியானால் அது தனக்கோடி இல்லை. மச்சான்தான். தட்டுகிறான். வரலாம்.

காலை எடுத்தான். ஒரு முழம். அரை முழம்.

முட்டியது. டங்கென்று இல்லை.

"அட, நூல் புடிச்ச மாதிரி!" முதலாளி கைதட்டினார். "எறங்குய்யா. நீதான் டிரைவரு."

காத்தவராயன் இறங்கவில்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தது. கை இருப்பது தெரியவில்லை. இடது கண்ணாடியில் சுவர். வலது கண்ணாடியில் சுவர், அதில் சாய்ந்த சைக்கிள்.

பின்பலகையில் சத்தம் நிற்கவில்லை. வலது பக்கம் இரண்டு கைகள், வேகமாக. இடது பக்கம் இரண்டு கைகள், கொஞ்சம் மெதுவாக.

கியர் இன்னும் ரிவர்ஸில் இருந்தது. நான்கு கைகளும் தட்டிக்கொண்டே இருந்தன.