ஊதா மூடி

"அம்மா" என்று மாஹிர் கூப்பிட்டபோது நஜ்லா காபி பொங்கி வழியாமல் கிளறிக்கொண்டிருந்தாள். "இதோ வர்றேன்டா" என்று பதிலும் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் கை நின்றது. மாஹிருக்குக் குரல் கிடையாது.

ஆறு வயதுப் பிள்ளை. மூன்று வருடமாகத் தொண்டையில் துளை, துளையில் குழாய், குழாயின் மறுமுனையில் மூச்சு தரும் மெஷின். துளைக்கு மேலே காற்று ஏறாது, அதனால் அழுதால்கூடச் சத்தம் வராது. ஊதா நிறத்தில் ஒரு சின்ன மூடி உண்டு. அதைக் குழாயில் பொருத்தினால் பத்து நிமிடம் பேசுவான். நர்ஸ் சுஹைலா பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அந்த மூடி இப்போது நஜ்லாவின் கண் முன்னால், ஜன்னல் கட்டையில், கழுவிக் காயவைத்தபடி இருந்தது.

மருத்துவமனையில் துளை போட்ட அன்றைக்கே சொன்னார்கள், பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிடுங்கள் என்று. கணவனும் அதையே சொன்னான். நஜ்லாதான் ஒற்றைக் காலில் நின்று பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். கணவன் குவைத்துக்கு வேலைக்குப் போனான். காலையில் வரும் சுஹைலா இரண்டு மணிக்குத் தன் பிள்ளைகளுக்குச் சோறு போடப் போவாள், நான்கு மணிக்குத் திரும்புவாள். இடையில் நஜ்லா மட்டும்.

திரிப்போலியில் கரண்ட் என்பது நினைத்தால் வரும், நினைத்தால் போகும் விருந்தாளி. அது போய்த் தெரு ஜெனரேட்டர் எழும்வரை மெஷின் பேட்டரியில் ஓடும், ஊரைக் கூட்டுவதுபோல் கத்தும். நஜ்லா படுத்தபடியே கையை நீட்டிப் பட்டனை அமுக்குவாள். சத்தம் அடங்கும்.

"உம்மு மாஹிர், அமுக்குறதுக்கு முன்னாடி கண்ணைத் திறங்க" என்பாள் சுஹைலா. உம்மு மாஹிர் என்றால் மாஹிரின் அம்மா; அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒரு நாளைக்கு எட்டு தடவை கத்துது. எட்டு தடவையும் கண்ணைத் திறந்தா நான் எப்ப தூங்குறது? செத்த பிறகா?"

இன்றைக்கும் அமுக்கினாள். மூன்று மணி வாக்கில், அரைத்தூக்கத்தில். ஒரு தடவையா? நான்கு தடவையா? கைக்குத்தான் தெரியும்.

"அம்மா... வெயில் அடிக்குது. திரையை... இழுத்து விடு."

ஓரிரு சொல், பிறகு மெஷின் மூச்சு விடும் இடைவெளி, மறுபடி ஓரிரு சொல். காபி பொங்கி அடுப்பில் வழிந்து, ஏலக்காயும் கரிந்த சர்க்கரையுமாக வாடை எழுந்து, மருந்து நெடியோடு கலந்து பிள்ளையின் அறைக்குப் போகும் குறுகலான நடையில் அவளுக்கு முன்னால் போய் நின்றது. கீழே யாரோ தக்காளி விற்றுக்கொண்டு போனான், மாடியில் நாற்காலி நகர்ந்தது, எல்லாம் வழக்கமான பிற்பகல் சத்தங்கள்தான், அவற்றுக்கு நடுவே அவள் பெற்ற பிள்ளை மூடி இல்லாமலே பேசிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மின் அடுப்பின் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். கரண்ட் போய் வந்தால் அது பூஜ்யத்தில் கண் சிமிட்டும். காலையில்தான் அதைச் சரிசெய்து வைத்திருந்தாள்.

மூன்று ஐம்பத்தெட்டு. சிமிட்டவில்லை.

இன்று கரண்ட் போகவே இல்லை.

அப்படியானால் மெஷின் எதற்குக் கத்தியது?

அவளுக்குத் தெரியும். இருமினால் குழாய் கழன்றுவிடும். மாட்டிவிட ஒரு நொடி போதும். அதற்கும் அதே சத்தம்தான்.

ஓடினாள்.

மாஹிர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தான். கை குளிர்ந்திருந்தது. உதடு கறுத்திருந்தது. அசையவில்லை. குழாய் தனியாகத் தலையணைமேல் கிடந்து, மெஷினின் காற்றை உஸ்ஸென்று விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா... வந்துட்டியா" என்றது குழாய்.

நஜ்லா பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். அவன் மூன்று வருடம் அழுதது அப்படித்தான்.

கதவு திறந்தது. சுஹைலா உள்ளே வந்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிள்ளையின் கழுத்தில் விரல் வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு மெஷினை நிறுத்தக் கையை நீட்டினாள்.

நஜ்லா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். "நிறுத்தாத. பேசுறான்."

"உம்மு மாஹிர், விடுங்க. அவன் போய் ஒரு மணி நேரம் ஆச்சு."

"சுஹைலாக்கா... நிறுத்தாத" என்றது குழாய்.

சுஹைலாவின் பை கீழே விழுந்தது.

அப்போது கரண்ட் போனது. மெஷின் கத்தியது. நஜ்லாவின் விரல் தானாகப் போய் அமுக்கியது. பழைய பேட்டரியில் ஒரு கோடுதான் காட்டியது; நாள் முழுக்க ஏற்றினாலும் அவ்வளவுதான். கீழே ஜெனரேட்டர் இருமியது. நின்றது. மறுபடி இருமியது. எழவில்லை.

"அம்மா... இருட்டா... இரு..."

மெஷின் அடங்கியது.

நஜ்லா குழாயை மெஷினிலிருந்து பிடுங்கினாள். அந்த முனையை வாயில் வைத்தாள். ஊதினாள்.

"அம்மா" என்றது தலையணை.

மூச்சு இழுத்தாள். ஊதினாள்.

"அம்மா."

சுஹைலா சுவரோரம் போய் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நஜ்லா கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். ஊதினாள்.