மட்டைக்கு ஒரு சாட்சி

சான்று நாள் வந்தாலே சண்முகவடிவுக்கு விடிந்ததிலிருந்து எரிச்சல்தான். கூடத்துச் சுவரில் இருந்த பத்தொன்பது கண்ணாடிப் பெட்டிகளையும் ஈரத்துணியால் துடைத்து முடித்திருந்தாள். கபடி பனியன், கைப்பந்து, கேரம் ஸ்ட்ரைக்கர், சதுரங்கக் குதிரை என்று மைதானம் மைதானமாக அலைந்து சேர்த்தவை. அடுப்பில் தேங்காய்ப்பால் சொதி கொதித்தது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் அரைத்தாயிற்று. வருகிறவள் மேல் இருக்கிற ஆசையில் செய்யவில்லை, குறை சொல்லிவிடக் கூடாதே என்றுதான் செய்கிறேன் என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

வருகிறவள் பூங்கோதை. ஓரகத்தி; செத்துப்போன கணவருடைய தம்பி பெண்டாட்டி. கோவில்பட்டியில் நாலு தெரு தள்ளித்தான் வீடு. இருந்தும் வருடத்தில் இந்த ஒரு நாள்தான் இங்கே படி ஏறுவாள். அதுவும் சட்டம் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதால்.

எல்லாம் நகல்கை செய்த வேலை. அந்த இயந்திரம் யாருடைய கையெழுத்தையும் போடும். மையின் அழுத்தம், விரலின் நடுக்கம், எதுவும் தப்பாது. புதைத்து நாற்பது வருடமான ஆட்டக்காரர்கள்கூட வாரத்துக்கு நூறு பந்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். சான்றிதழ் கேட்டால் அதையும் அதே இயந்திரம் அடித்துக் கொடுத்தது. இனிப் பொருளை நம்பிப் பயனில்லை, ஆளைத்தான் நம்ப வேண்டும் என்று அரசாங்கம் கைச்சான்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கையெழுத்துள்ள பொருளை வீட்டில் மாட்டி வைக்க வேண்டுமா? அது போடப்பட்டபோது கூட இருந்த ஒருவர் வருடா வருடம் நேரில் வந்து, மெய்மானியில் உள்ளங்கையை வைத்து, பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சாட்சி இல்லாவிட்டால் கையெழுத்தை அழித்துவிடுவார்கள். பொருளை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் வந்த பன்னிரண்டு வருடத்தில் வடிவின் சாட்சிகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சிலர் செத்தார்கள். ஒருவருக்கு மறதி நோய். இன்னொருத்தர் கனடாவில் மகன் வீட்டிலேயே தங்கிவிட்டார். பதினெட்டுப் பெட்டிகளில் இப்போது வெறும் பந்தும் வெறும் பனியனும்தான். நடுவில் இருந்த ஹாக்கி மட்டையில் மட்டும் ஹாக்கி வீராங்கனை தமயந்தியின் நீல மைக் கையெழுத்து மிச்சம் இருந்தது. அதைப் பார்த்த ஒரே ஆள் பூங்கோதை. அதுவும் போய்விட்டால் இந்தச் சுவரில் தன் ஆயுசு முழுக்கச் சேர்த்தது ஒன்றுமில்லை என்று வடிவுக்குத் தெரியும்.

பத்தரை மணிக்குச் சான்று அதிகாரி ஜெனிட்டாவோடு பூங்கோதை வந்தாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“எக்கா, வெறும் பந்துக்கு எதுக்குக் கண்ணாடி? கடையில கேட்டா கூடையோட குடுப்பான்.”

வடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள். மட்டை இருக்கிறவரைக்கும் இவள் வாயைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

ஜெனிட்டா மெய்மானியை மேசைமேல் வைத்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். நடந்தது என்ன என்று அதற்குத் தெரியாது. சொல்கிறவர் தான் சொல்வதை நம்புகிறாரா என்பது மட்டும் தெரியும். நம்பினால் பச்சை, நம்பாமல் சொன்னால் சிவப்பு. பூங்கோதை கையை வைத்து வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன், இறுதிப்போட்டி முடிந்த சாயங்காலம், தமயந்தி இந்த மட்டையில் கையெழுத்துப் போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக. பச்சை.

அப்பாடா என்று வடிவு எழுந்தாள், இலை போட. ஜெனிட்டா உட்காரச் சொன்னாள். படிவம் இந்த வருடம் மாறியிருக்கிறதாம். அடுத்தவருக்குக் கொடுத்ததைத் தன்னுடையது என்று மாட்டுகிறவர்கள் பெருத்துவிட்டார்களாம். அதனால் யாருக்காகப் போட்டது என்ற இரண்டாம் கேள்வி. சாட்சியும் உடைமையாளரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

பூங்கோதை யோசிக்கவே இல்லை.

“எனக்கு.”

வடிவுக்குச் சிரிப்புதான் வந்தது. இவளுக்கு விளையாட்டாகிவிட்டதா? சிவப்பு விழட்டும், மூக்கு உடையட்டும் என்று காத்திருந்தாள். பச்சை விழுந்தது. வடிவு பாய்ந்துபோய்த் தன் கையை வைத்து, எனக்குத்தான் போட்டாங்க என்றாள். அதற்கும் பச்சை.

நடந்தது இதுதான். அன்றைக்கு இரண்டு பேரும் புது மருமகள்கள். மாமியாரிடம் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினார்கள். மட்டையை நீட்டியவள் வடிவு. பேனாவை நீட்டியவள் பூங்கோதை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பேர் எழுதணுமா என்று தமயந்தி கேட்டாள். வெட்கத்தில் இரண்டு பேரும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்கள். அந்த ஒரு வாய்ப்பு அத்தோடு போயிற்று.

இரண்டு மெய் மோதினால் கையெழுத்து செல்லாது என்று ஜெனிட்டா விதியை வாசித்தாள். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, பேசி ஒத்துப் போனால் சரி என்றாள். பொருள் யாருக்கென்று முடிவாகிறதோ அவர் வீட்டுக்குப் போகும். கையெழுத்து பிழைக்கும்.

பேசினார்கள். பேச்சு மட்டையைத் தாண்டிப் பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாணத்துக்குப் போனது. பூங்கோதை தன் மகளுக்கு நலங்கு வைக்க வரிசையாக எல்லோரையும் கூப்பிட்டாள், புருஷனைப் பறிகொடுத்து எட்டு மாதமான வடிவை மட்டும் விட்டுவிட்டாள். வடிவு பந்தியில் உட்காராமல் வெளியேறினாள். சம்பந்தி வீட்டார் முன்னால் என் முகத்தில் கரியைப் பூசினீர்கள் என்றாள் பூங்கோதை. என்னை ஒதுக்கி நிற்க வைத்தவள் பேசாதே என்றாள் வடிவு. கால் மணி நேரம் இப்படியே கரைந்தது.

கடைசியில் வடிவுதான் இறங்கினாள். தனக்காக இல்லை, அந்த நீல மைக்காக. எனக்காகப் போட்டதென்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கேட்டாள்.

“தொலையட்டும். ஒங்களுக்கே போட்டதா இருக்கட்டும்,” என்று பூங்கோதை கையை வைத்து, “அவியளுக்குத்தான் போட்டாங்க,” என்றாள்.

சிவப்பு. கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திரும்பச் சொன்னாள். திரும்பவும் சிவப்பு.

வடிவு பெட்டியைப் பார்த்தாள். போகட்டும், இவள் வீட்டுச் சுவரிலாவது இருக்கட்டும். நாலு தெருதானே. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கையை வைத்தாள்.

“பூங்கோதைக்குத்தான் போட்டாங்க.”

சிவப்பு. வடிவு கண்ணை மூடி, அந்தச் சாயங்காலத்தை வேறு மாதிரி நினைத்துப் பார்க்க முயன்றாள். தமயந்தியின் கண் பூங்கோதை பக்கம் திரும்புவதாக நினைத்தாள். முடியவில்லை. முப்பத்தொரு வருடமாகத் தமயந்தி தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்து ஆட்களுக்கு எவ்வளவு சௌகரியம்! மனசுக்குள் என்ன இருந்தாலும் சரி உனக்குத்தான் என்று வாயால் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்தது. இப்போது விட்டுக்கொடுக்க நினைத்தாலும் வழி இல்லை.

அரை மணி முடிந்ததும் ஜெனிட்டா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒளிச்சுரண்டியை எடுத்தாள். பெட்டியைத் திறந்து மட்டையின்மேல் ஒருமுறை ஓட்டினாள். லேசாக மரம் கருகிய வாடை வந்தது. நீல மை இருந்த இடம் வெளுத்துப்போயிற்று.

பூங்கோதை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் வடிவுக்கு ஒன்று உறைத்தது. இனி இவள் வர வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த வருடம் சான்று நாள் கிடையாது. சொதி வைக்க வேண்டாம். அந்த நினைப்பு வந்ததும் பொல்லாத கோபம் வந்தது. மெய்மானிமேல் வைத்த கையை எடுக்கவில்லை என்பதையும் மறந்தாள்.

“இனிமே ஒனக்கு இங்க வேலையில்ல. ஒன் மூஞ்சியப் பாக்காம இருந்தா எனக்கு நிம்மதிதான்.”

சிவப்பு.

வடிவு சுடுபாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். ஜெனிட்டா தரையைப் பார்த்தாள். பூங்கோதை அந்தச் சிவப்பையே பார்த்தபடி நின்றாள். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் திரும்பினாள். அங்கே இரண்டு இலை நறுக்கி வைத்திருந்தது அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பிறகு மேசைக்குத் திரும்பி வந்தாள். யாரும் கேட்காமலே மெய்மானியில் உள்ளங்கையை வைத்தாள்.

“இங்க வராம இருந்தா எனக்கும் நிம்மதிதாங்க்கா.”

பச்சை.

அது அணைகிறவரை இருந்து பார்த்துவிட்டு, பூங்கோதை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.