வியர்க்கும் மாடிகள்

பதினேழாம் மாடியில் தக்காளிப் பூக்கள் உதிரத் தொடங்கியபோது, மற்ற மாடிகளில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கோடை விடுமுறைக்கு ஜனங்கள் கொடைக்கானலுக்குப் போயிருந்தார்கள். போனவர்கள் தங்கள் மூச்சையும் கூடவே கொண்டுபோய்விட்டார்கள் என்பதுதான் ஜெசிந்தாவின் கவலை.

கோவில்பட்டியின் அந்த உயர அடுக்ககத்தில் அவள் விளையறைப் பொறுப்பாளர். வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. குடியிருப்பவர்கள் தின்னும் காய்கறி முழுவதும் பதினேழாம் மாடியில்தான் விளைந்தது. ரயிலில் வரும் தண்ணீரை மனிதர்கள் குடிக்கலாம். செடிக்கு ஊற்றினால் சட்டப்படி குற்றம். அதனால் ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் ஒரு மூச்சுவாரி இருந்தது. மனிதன் மூச்சிலும் தோலிலும் தன்னையறியாமல் விடுகிற ஈரத்தை அது உறிஞ்சி மேலே அனுப்பும். ஓர் ஆள் ஒரு நாளில் விடும் ஈரத்தைச் சேர்த்தால் ஒரு சொம்பு நிறையும். அத்தனை பேரின் சொம்பும் சேர்ந்துதான் விளையறையின் காற்று.

காற்றுக்கும் தாகம் உண்டு என்பாள் ஜெசிந்தா. சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். அது இலைகளிலிருந்து நீரை இழுக்கும். அளவாக இழுத்தால் நல்லது. வேர் அடியிலிருந்து சத்தை மேலே ஏற்றும். அளவு மீறினால் செடி பயந்துபோய் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். மகரந்தம் சூல்முடியில் ஒட்டாமல் காய்ந்துபோகும், பூ உதிரும். அறையைக் குளிர வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் குளிர்ச்சுருளில் படும் காற்று இருக்கிற ஈரத்தையும் அங்கேயே வடித்துவிடும். அதையும் அவள் செய்து பார்த்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. குடியிருப்பு மாடிகளின் வெப்பத்தை இருபத்தாறிலிருந்து முப்பதுக்கு ஏற்றினாள். வெப்பத்தைக் காட்டும் சுவர்த்திரைகளில் மட்டும் இருபத்தாறையே நிறுத்தி வைத்தாள். தலைமுறையாக இருபத்தாறில் பழகிய உடம்புகள் வியர்த்தன. வியர்த்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள். குடித்த தண்ணீர் சட்டத்தை மீறாமல் அவர்கள் வழியாகவே செடிகளுக்கு வந்து சேர்ந்தது. பூக்கள் நின்றன. பிஞ்சு பிடித்தது.

யாரும் திரையைச் சந்தேகப்படவில்லை, எல்லோரும் தங்கள் உடம்பைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஒருத்தி வயதைக் குறை சொன்னாள், ஒருத்தர் மனைவியின் மிளகுக் குழம்பை.

பன்னிரண்டாம் மாடி கோமதிநாயகம், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தன் நெஞ்சைச் சந்தேகப்பட்டார்.

"ஏம்மா ஜெசிந்தா, திரையில இருபத்தாறுதான் காட்டுது. எனக்கு மட்டும் சட்டை பிழிஞ்சா ஊத்துது. டாக்டர் ஒண்ணுமில்லங்காரு. ஒண்ணுமில்லன்னா எதுக்கு மாத்திரை தாராரு?"

"காத்தோட்டமா உக்காருங்க அண்ணாச்சி," என்றாள் அவள். வேறு என்ன சொல்வது?

"உக்காந்து என்ன செய்ய? மகளை துபாய்லருந்து வரச் சொல்லிட்டேன். வேலையை எழுதிக் குடுத்துட்டு வாராளாம். கடைசில கூட இருக்கணும்லா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று மதியம் தக்காளி ரசம் இருந்தும் ஜெசிந்தாவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஒரு பெண் வேலையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வரப்போகிறாள், இல்லாத நோய்க்காக. சாயங்காலம் வெப்பத்தைப் பழைய இடத்துக்கு இறக்கினாள். குடியிருப்போர் சங்கத் தலைவி இசக்கியம்மாளிடம் போய்ப் பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னாள்.

விடுமுறைக்குப் போனவர்களும் திரும்பியிருந்ததால் கூடம் நிறைந்திருந்தது. ஜெசிந்தா எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். பின்வரிசைகளிலிருந்து குரல்கள் எழுந்தன.

"அப்ப நாம தின்ன தக்காளி நம்ம வேர்வையிலயா வெளஞ்சுது?"

"அதான் எங்க வீட்டு ரசத்துல உப்பு தூக்கலா இருந்துச்சா!"

"உப்பு வராதுங்க," என்றாள் ஜெசிந்தா தன்னை மறந்து. "ஆவியாகும்போது உப்பு தோல்லயே தங்கிரும். மேல வாறது சுத்தத் தண்ணி."

"எனக்கு நோவு இல்லையா அப்ப?" கோமதிநாயகம் எழுந்து நின்றார். "நெசமாவா? மெனக்கெட்டு உயில்லாம் எழுதிட்டனே!" கூடமே சிரித்தது.

இசக்கியம்மாள் மேசையைத் தட்டினார். "எங்களைக் கேக்காம செஞ்சது பெரிய தப்பு ஜெசிந்தா."

அவள் தலைகுனிந்தாள். இதற்காகத்தான் வந்திருந்தாள். வேலை போகட்டும், நெஞ்சிலிருக்கும் கல் இறங்கினால் போதும்.

"இனி கேட்டுச் செய்யி," என்றார் இசக்கியம்மாள். "அடுத்த கோடைக்கும் ஈரம் வேணும்லா? ரெண்டாம் மாடிலருந்து அஞ்சாம் மாடி வரைக்கும் வாடகைக்காரங்கதான். அவங்களுக்குக் குழுவுல இடமில்ல, கேக்க வேண்டியதில்ல. அங்க மட்டும் ஏத்திக்கிடலாம். திரை இப்ப இருக்கமாரியே இருக்கட்டும். நம்பர் தெரிஞ்சாத்தான் மனுசனுக்குப் புழுங்கும்."

"அது பாவம்ங்க," என்றாள் ஜெசிந்தா.

"நீ செஞ்சப்ப?"

சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார் இசக்கியம்மாள். கைகள் உயர்ந்தன. கோமதிநாயகத்தின் கையும் உயர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் லிஃப்டில் அவரும் அவள் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "மகளுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னுட்டேன். சொன்னியே தாயி, நீ நல்லாருக்கணும்."

"மூணாம் மாடியில கைக்குழந்தை இருக்கு, அண்ணாச்சி."

"இருக்கட்டுமே. இத்தனூண்டு உடம்புல என்னத்த வேர்க்கப்போகுது?"

யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க அவளால் முடியாது. "அப்படி இல்ல அண்ணாச்சி. எடைக்கு எடை பாத்தா பிள்ளைகளுக்குத் தோல் பரப்பு ஜாஸ்தி. பெரியவங்களை விட அதுக உடம்புலருந்துதான் ஈரம் சீக்கிரமாப் போகும்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் துணுக்குறுவார் என்று காத்திருந்தாள்.

"அப்படியா!" என்றார் கோமதிநாயகம். புருவம் உயர்ந்தது. "எவ்வளவு தெளிவா வெளக்குதே! அப்ப இனிமே பிள்ளைக்காரங்களா பாத்துக் குடிவைக்கணும்னு இசக்கியம்மாட்ட சொல்லணும்."

பன்னிரண்டாம் மாடியில் அவர் இறங்கிக்கொண்டார். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சொல்லலாம்தான்; ஆனால் பதினேழை ஜெசிந்தா ஏற்கெனவே அழுத்தியிருந்தாள்.