எல்லாருக்கும் கேட்ட சத்தம்

காலை 9.20. நானூற்று ஏழாம் அறை.

"போச்சு! என் காது போச்சு!"

தம்பி போட்ட கூச்சலில் எதிர் அறைக்காரர் வாயில் பற்பசை நுரையோடு எட்டிப் பார்த்தார். கட்டிலோர மேசையில் காது மெஷின் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும் எல்லாருக்கும் அவர் இன்ஸ்பெக்டரம்மாதான். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் அக்கா. ஆளுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவனை அவன் இவன் என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா கண்ணுக்கு அவன் இன்னும் அரைக்கால் சட்டைதான்.

விஷயம் இதுதான். தம்பிக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் தங்க ஓர் இடம் தேவை. பெரிய ஓட்டல் கட்டுப்படியாகாது, மட்டமான இடம் நோயாளிக்கு ஆகாது. கடைத்தெரு நடுவே இருந்த இந்த நடுத்தர ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வந்திருந்தார்கள். இதற்கு முன் பார்த்த இரண்டையும் தம்பி தள்ளிவிட்டான். ஒன்றில் கட்டில் தாழ்வாம். இன்னொன்றில் வாசற்படி செங்குத்தாம். அந்த இழுபறியில் டாக்டர் கொடுத்த ஒரு தேதியும் கைநழுவிப் போனது.

இன்று பன்னிரண்டு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் விளக்குவதைக் கேட்டு, தம்பி தன் வாயால் சம்மதம் சொன்னால் நாளை மறுநாள் ஆபரேஷன். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காது மெஷின் இல்லாமல் தம்பிக்குப் பக்கத்தில் நின்று கத்தினால்தான் ஏதோ கொஞ்சம் விளங்கும்.

"இந்த ஓட்டல் நமக்கு ஒத்துவராது. கிளம்புக்கா, ஊருக்குப் போயிடலாம்" என்றான் தம்பி.

9.35. மேனேஜர் வந்தார். கூடவே, அறை சுத்தம் செய்யும் பெண்.

"கதவு எப்பெப்ப திறந்துச்சுன்னு பூட்டுலயே பதிவாயிருக்கு மேடம். நீங்க டிபனுக்கு இறங்கினதுக்கு அப்புறம் இவங்க மட்டும்தான் உள்ள வந்திருக்காங்க."

ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடி. வேறு வழி இல்லை.

"பெட்டியைத் தொட்டீங்களா?"

"மேசை துடைக்கிறப்போ தூக்கி வச்சேம்மா. மூடித்தான் இருந்துச்சு."

"குலுங்கிச்சா?"

அந்தப் பெண் யோசித்தாள். "இல்லம்மா. சத்தமே இல்ல."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேனேஜர், "நீ இப்ப வீட்டுக்குப் போ. விசாரிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்றார். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டரம்மா அதையும் கவனித்தார்.

"இருங்க. யாரும் எங்கயும் போக வேண்டாம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். நேற்றிலிருந்தே இந்த ஓட்டலுக்கு மனதுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். கட்டில் உயரம் சரி. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. லிஃப்ட்டில் சக்கர நாற்காலி நுழையும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான், ஆனால் தெரு இரைச்சல் இல்லை. ஒரே ஒரு குறை, கீச்சுச் சத்தம். காலையில் தம்பிக்குப் பனியன் மாட்டிவிட்டபோது, துணி அவன் காதைத் தாண்டும் நேரத்தில் அலமாரிக் கதவு 'கீ' என்றது. "சாப்பிட வாய் போதும்" என்று அவன் வெறும் காதோடு டிபனுக்கு வந்தான். அங்கே காபி மெஷின் மெலிதாக விசிலடித்தது. திரும்பி வரும்போது லிஃப்ட்டும் விசிலடித்தது.

இதோ, இப்போது அறையில் இருந்த பிரிட்ஜும் விசிலடித்தது.

"லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டார்.

"இல்லையே மேடம். இதுவரைக்கும் யாரும் சொல்லலையே."

இன்ஸ்பெக்டரம்மா பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். அதன் உறுமல் நின்றது. விசில் நிற்கவில்லை. மேனேஜர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பெண், அழுகைக்கு நடுவிலும், எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பினாள். தம்பி மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

நேற்றிலிருந்து அவன் சொல்லாத குறை இல்லை. தலையணை கல்லாக இருக்கிறது, குழாய் ஒழுகுகிறது, போர்வை குட்டை. இந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. இந்தம்மாவை அனுப்பிடாதீங்க. இவங்க எடுக்கலை."

கதவு மூடியது. இன்ஸ்பெக்டரம்மா தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டைப்பைமேல் உள்ளங்கையை வைத்தார். விசில் உரத்துக் கேட்டது. தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் நடிக்க முடியவில்லை.

கைக்குட்டைச் சுருளுக்குள் இருந்தது காது மெஷின். அதை எடுத்து அவரே அவன் காதில் பொருத்தினார்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"அலமாரி, காபி மெஷின், லிஃப்ட், பிரிட்ஜ். போற இடமெல்லாம் ஒரே சத்தம்னா, கோளாறு இடத்துல இல்லடா, ஆள்கிட்ட. பெட்டியில வச்சா இது தானா அணைஞ்சிடும். துணிக்குள்ள பொத்தி வச்சா கத்தும். உன் காதை மூடினப்பவே காலையில கத்திச்சு, நான்தான் பாவம் அலமாரியைக் குத்தம் சொல்லிட்டேன். எல்லாருக்கும் கேட்டுச்சு, உனக்கு மட்டும் கேக்கல. ஜெனரேட்டர் ஓடற சத்தத்தை வச்சே எங்க கோளாறுன்னு சொல்ற மெக்கானிக்குடா நீ!"

தம்பி சிரிக்க முயன்றான், வரவில்லை.

"டாக்டர் பேசறது கேக்கலைன்னா தேதி தள்ளிப்போகும்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு மேல பழி விழும்னு தோணவே இல்லக்கா."

"அவ்வளவு பயமா?"

"கத்திக்குப் பயமில்ல. உள்ள போறதுக்கு முன்னாடி மோதிரம், பல்செட், காது மெஷின் எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துடணும்னு நர்ஸ் சொல்லுச்சு." அவன் விரல் காதைத் தொட்டது. "சுத்தி எல்லாரும் வாயை வாயை அசைப்பாங்க. எனக்கு ஒண்ணுமே கேக்காது. அப்படியே தூங்கி, எந்திரிக்காமலே போயிட்டா? கடைசியா ஒரு குரல்கூடக் கேக்காமயா போவேன்?"

எத்தனையோ பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டதைக் கேட்டவர் அவர். இப்படி ஒன்றை இதுவரை கேட்டதில்லை. தம்பியின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். மெஷின் 'கீ' என்றது. இந்த முறை இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

10.05. கதவு திறந்தது.

"திருடன் கிடைச்சுட்டான்" என்றார் மேனேஜரிடம். "என் தம்பிதான்."

தம்பி அந்தப் பெண் முன்னால் கை கூப்பி நின்றான். "மன்னிச்சிடும்மா. பயத்துல புத்தி கெட்டுப்போச்சு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குக் கோவம் கோவமா வருது ஐயா. ஆபரேஷன் முடிஞ்சு வாங்க, நல்லாத் திட்டறேன்." பிறகு குட்டைப் போர்வையை உருவிக்கொண்டு நீளமானது எடுத்து வரப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மயக்கம் வர்ற வரைக்கும் காதுல இருக்கட்டும். அக்காவும் கூடவே வரலாம். கண் முழிக்கிறப்போ நாங்களே கூப்பிட்டு மாட்டிவிடச் சொல்றோம்" என்றார்.

தம்பி சம்மதம் சொன்னான். திரும்பும் வழியில் வரவேற்பு மேசையில் அறையை நீட்டித்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை இன்ஸ்பெக்டரம்மா அவன் காதோரம் குனிந்து பேசிக்கொண்டே இருந்தார். "கட்டில் உயரம் சரி. லிஃப்ட்டுல ஒரு சத்தமும் இல்ல. போர்வை நீளமா வந்தாச்சு. உன்னைத் திட்ட ஓர் ஆள் காத்துட்டிருக்கா. நீ வந்து படுக்கறதுதான் பாக்கி." தம்பி புன்னகையோடு கண் மூடினான். நர்ஸ் மெஷினைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

காத்திருக்கும் இடத்தில் அதை அவர் பெட்டியில் வைக்கவில்லை. வைத்தால் அணைந்துவிடும். கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டார். அது கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கதவைத் திறந்து, நல்லபடியாக முடிந்தது என்று தலையசைக்கும் வரை அவர் விரலைப் பிரிக்கவே இல்லை.

மறுநாள், தொண்டைக் குழாயை எடுத்த பிறகு, அவரே அதை அவன் காதில் மாட்டினார்.

"டேய் தம்பி. கேக்குதா?"

அவன் உதடு அசைந்தது. அவர் குனிந்தார்.

"அந்த ஓட்டல் தலையணையே தேவலாம்க்கா" என்றான் தம்பி.